மூன்றாம் பக்கத்தில் அக்கா

1

"பாக்கியம், ஒங்க அக்கா போயி வருசம் ஆகப்போகுதுல்லா. நினைவஞ்சலி ஒண்ணு போட்டுருவமா? ஒங்கிட்ட துட்டு கேக்க மாட்டேன். எடமும் சும்மாத்தான் கெடக்கு."

அபர்டீன் பஜாரில் பேப்பர் கட்டு எடுக்கப் போனபோது ஆசிரியர் இப்படிக் கேட்டார். ஆசிரியர் என்றால் பள்ளிக்கூட ஆசிரியர் இல்லை. முன்பக்கம் ஜெராக்ஸ் கடை, பின்பக்கம் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார். போர்ட் பிளேர் தமிழர்களுக்கான வாரப் பேப்பர் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. திருநெல்வேலிக்காரர். செய்தி எழுதுவது, பக்கம் போடுவது, அச்சுக்குக் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரே. அதை வாங்கிக்கொண்டு போய் வீடு வீடாகப் போடுவதில் நான் குடியிருக்கிற கராச்சர்மா பக்கம் என்னுடையது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு. போட்டோ கம்ப்யூட்டர்லயே இருக்குல்லா."

யோசிக்க இருக்கிறது. எனக்கு எல்லாவற்றுக்கும் யோசனைதான், பயம் என்றே சொல்லலாம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் ஸ்கூட்டியைத் திருப்புகிற ஆள் நான். தரை லேசாக ஆடினால் ஊர்க்காரர்கள் ஃபேனைப் பார்ப்பார்கள், நான் மகளின் சர்ட்டிபிகேட் இருக்கிற பையைப் பார்ப்பேன். ஆனால் இந்த யோசனை அப்படிப்பட்டது இல்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தமானில் நாங்கள் சௌகரியமாக இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு உண்டு. சௌகரியம்தான். மீன் கிடைக்கிறது, கரண்ட் இருக்கிறது, பங்குனியில் காவடி எடுக்கிறோம். ஏதோ ஒன்று மட்டும் இல்லை. அது என்ன என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது, எட்டாம் வகுப்போடு நின்றவள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

2

இந்தத் தீவில் எல்லாரும் வந்தவர்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாங்கள். ஒருவரோடு ஒருவர் பேச இந்தி. டெலானிபூர் கவர்மெண்டு ஆபீசுக்குள் நுழைந்தால் திருநெல்வேலியும் ராமநாதபுரமும் ஒன்றுதான், எல்லாரும் 'மதராசி'. பேப்பரைப் பிரித்தால்தான் நாங்கள் தனித்தனி ஆளாவோம். சென்னைக் கப்பல் எந்தத் தேதி, தீவுவாசி அட்டைக்கு என்ன காகிதம் கேட்கிறார்கள், யார் பிள்ளைக்கு மெயின்லேண்டில் காலேஜ் சீட் கிடைத்தது, யார் வீட்டில் காதுகுத்து. மொத்தம் நாலு பக்கம். மூன்றாம் பக்கம் சாவுக்கு.

மூன்றாம் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பரமக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர்கள் அதைப் போய்ச் சொல்லமாட்டார்கள். கேதம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் வாசலில் நின்று இன்னார் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், உட்காரமாட்டார். கேட்டவர்கள் போட்டது போட்டபடி கிளம்பி வருவார்கள். பறிகொடுத்தவள் தன் வாயால் 'என் வீட்டில் சாவு, வாருங்கள்' என்று சொல்வது அசிங்கம். அவள் அழ வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை.

இங்கே சாவும் இரண்டு விதம். இங்கேயே நடந்தால் பிரச்சினை இல்லை, பிணம் இருக்கிறது, கூட்டம் தானாகச் சேரும். பெரும்பாலும் சாவு மெயின்லேண்டில் நடக்கிறது. அங்கே எடுத்துவிடுவார்கள். இங்கே ஃபோனை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். சங்கு கிடையாது, மேளம் கிடையாது, வாசலில் கிடத்த உடம்பு கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் படம் போட்டு, 'துக்கம் விசாரிக்க வருவோர் ஞாயிறு மாலை வரலாம்' என்று வீட்டு அடையாளத்தோடு அறிவிப்புக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு, ஒரு நாற்காலியில் செத்தவர் படத்தை வைத்து விளக்கேற்றுவார்கள். வருகிறவர்களுக்கு வரக்காப்பி. உடம்புதான் இல்லை, மற்றபடி சாவு வீடுதான்.

நான் எத்தனையோ படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மேட்டுத் தெரு சரோஜாக்காவின் அப்பா மதுரையில் இறந்தபோது மூன்று நாள் அவர்கள் வீட்டு அடுப்படியை நான்தான் பார்த்தேன். சரோஜாக்கா என் மடியில் தலை வைத்து அழுதார்கள். அவர்கள் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்ததுதான்.

இந்த ஊரில் கேதம் சொல்கிற ஆள் பேப்பர். பேப்பரைக் கொண்டுபோகிற ஆள் நான். இதை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

3

பெரியக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடும். நான் இங்கே லைட்டைப் போட்டிருப்பேன், அதற்கு அங்கே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

"என்னடி, அங்கிட்டு அதுக்குள்ள இருட்டிருச்சா? ஒங்க ஊருச் சூரியன் கவருமெண்டு வேலை பாக்குதா, இம்புட்டு வெரசா வீட்டுக்குப் போயிருது."

ஒவ்வொரு வாரமும் இதே கேலி. நானும் ஒவ்வொரு வாரமும் சிரிப்பேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அதுதான். அந்தமான் மாப்பிள்ளை என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்றபோது பிடிவாதமாக நின்று கட்டிக்கொடுத்ததும் அதுதான். "கடலுக்கு அங்கிட்டுத் தள்ளிவிட்டவ நாந்தான். கோவம் வந்தா என்னையத் திட்டு, மாப்பிள்ளையத் திட்டாத" என்று சொல்லும். வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வருகிற யாரிடமாவது மிளகாய் வத்தல் கொடுத்துவிடும், எங்கள் பக்கத்துக் குண்டு வத்தல். அதில் பாதி சரோஜாக்கா வீட்டுக்குப் போய்விடும். "ஒங்கக்கா வத்தல்" என்று பெயர் சொல்லியே கேட்டு வாங்குவார்கள்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் அக்கா மகன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை இல்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டது. எப்போதும் வருகிற பயம்தான், ஆனால் அன்றைக்கு அது சரியாக இருந்தது.

"சித்தி, அம்மா போயிருச்சு."

மறுநாள் காலையில் எடுக்கிறார்கள். கப்பல் என்றால் மூன்று நாள். விமானம் பிடித்துச் சென்னை போய், அங்கிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். வீட்டுக்காரர் ஃபோனில் டிக்கெட் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "நீ போய் எறங்கும்போது பாலூத்தி முடிச்சிருப்பாக" என்றார்.

அக்கா மகன் யாரிடமோ ஃபோனைக் கொடுத்து வீடியோவில் காட்டச் சொன்னான். படம் நின்று நின்று வந்தது. அக்கா முகம் ஒரு தடவை வந்தது, பிறகு யாருடைய முதுகோ வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த முதுகைப் பார்த்து அழுதேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் சத்தம் கேட்டு வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் ஆட்களின் முறை அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு நம் ஆட்கள் வர வேண்டும் என்றிருந்தது. வந்து உட்கார்ந்து, அக்கா பெயரைச் சொல்லி, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். சுடுகாட்டுக்குத்தான் போக முடியவில்லை, இந்த ஒன்றாவது அக்காவுக்கு நடக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

4

காலேஜில் படிக்கிற என் மகள் ரம்யா அவளுடைய தோழியிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேரி மௌசி எக்ஸ்பயர் ஹோ கயீ." மௌசி என்றால் பெரியம்மா. எக்ஸ்பயர் என்ற சொல்லை நான் மாத்திரை அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். அவள் மேல் தப்பில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இந்தி, பஸ்ஸில் இந்தி, கனவும் இந்தியில்தான் வரும் போலிருக்கிறது. தமிழ் பேசுவாள், எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள்.

"மம்மி, நான் ஸ்டேட்டஸ் போட்டுர்றேன். எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஏக் மினிட் கா காம், ஒரு நிமிச வேலைதான்."

"வேணாம்."

"பேப்பர் யாரு பாக்குறா மம்மி?"

"நான் கொண்டுபோய்ப் போடுறேன். அப்புறம் பாக்காம?"

"ஸ்டேட்டஸ்னா இன்னிக்கே பாப்பாங்க."

"ஒரு நாள்ல அழிஞ்சுபோறதுல ஒன் பெரியம்மாவப் போடாத" என்று சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் படம் வேண்டுமென்றார். அக்கா தனியாக எடுத்த படம் என்று ஒன்றுகூட என்னிடம் இல்லை. என் கல்யாணப் படத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறது. என்னை வெட்டிவிட்டு அக்காவை மட்டும் எடுத்தார். சரியாக வெட்ட வரவில்லை, அக்கா தோளில் என் கல்யாண மாலையின் ஒரு ஓரம் நின்றுவிட்டது. "இருக்கட்டும் சார், நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கட்டு எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தேன். என் மடிப்பு தனி. நாலாக மடித்து, ஒரு முனையைத் திருப்பி உள்ளே சொருகிவிடுவேன். காற்றில் பிரியாது, கேட்டுக்கு மேலே வீசினாலும் கட்டையாகப் போய் விழும். மழைக்காலத்தில் பாலித்தீன் உறையும் உண்டு. மூன்றாம் பக்கம் நடுவில் போய்விடும். ஒவ்வொரு பேப்பரிலும் அக்காவை உள்ளே வைத்து மூடினேன். விடிந்ததும் ஸ்கூட்டியில் எடுத்துப் போய் வாசல் வாசலாகப் போட்டேன். அக்காவின் கேதத்தை நானே சொல்லிக்கொண்டு போனேன், வாயைத் திறக்காமல்.

சரோஜாக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "வா பாக்கியம்" என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பேப்பரைப் படியில் வைத்தேன். கேதம் சொல்கிறவர் நின்று பேசக் கூடாது.

5

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். அக்கா படத்தை ஒன்றில் வைத்தோம். பெரிய பாத்திரத்தில் வரக்காப்பி போட்டேன். பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து இன்னொரு பாத்திரத்திலும் தண்ணீர் வைத்தேன். மழை வருமோ என்று பயம், நாற்காலி போதுமா என்று பயம், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் எங்கே உட்கார வைப்பது என்று பயம். யாருமே வராமல் போவார்கள் என்று மட்டும் நான் பயப்படவில்லை. இவ்வளவு காலம் பயந்து பழகியவளுக்கு அந்த ஒன்று தோன்றவே இல்லை.

ஆசிரியர் வந்தார். படத்துக்குக் கும்பிட்டார். காப்பியைக் குடித்தார். தெருவைப் பார்த்தார். "வருவாங்கம்மா. ஞாயித்துக்கெழம, மீன் வாங்கி ஆக்கி முடிச்சு வரணும்லா" என்றார். இருட்டியதும், பஸ் கிடைக்காது என்று எழுந்தார். போகும்போது என்னைப் பார்க்காமல் போனார்.

வீட்டுக்காரர் சொன்னார்: "நாலு பேருக்கு நீ ஃபோனைப் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல."

"கேதத்த வீட்டாளே சொல்லுவாளா?"

"நம்ம ஊரா இது?"

அவருக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை. டெலானிபூரில் ஒரு ஆபீசில் தினக்கூலி மஸ்தூர் அவர். வெள்ளிக்கிழமை கேத வேலைக்காக லீவு கேட்டபோது கிளார்க், மனைவியின் அக்கா குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்று சொல்லியிருக்கிறார். இவர் பேப்பரைக் காட்டியிருக்கிறார். கிளார்க் அதை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, எந்தப் பக்கம் மேலே என்று கேட்டாராம்.

நாற்காலிக்காரர் தெலுங்கர். எடுத்துப் போக வந்தவர் முக்கால்வாசி நாற்காலி அடுக்கு குலையாமல் இருந்ததைப் பார்த்தார். "ப்ரோக்ராம் கேன்சல் ஹோ கயா க்யா?" என்று, ஏதோ விசேஷம் நின்றுபோன மாதிரி கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். ரம்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இரண்டு பாத்திரக் காப்பியையும் சாக்கடையில் ஊற்றினேன்.

அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டு, "நெறையப் பேரு வந்தாகளா சித்தி?" என்றான். அவன் முகத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. "வந்தாகப்பா" என்றேன்.

6

திங்கட்கிழமை சந்தாப் பணம் வாங்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

முதல் வீட்டில் செருப்பு வைக்கிற இடத்தில் பேப்பர் கிடந்தது. முனை உள்ளே சொருகினபடி. என் மடிப்பு எனக்குத் தெரியாதா. இரண்டாம் வீட்டில் ஜன்னல் கட்டையில், அதற்கு முந்தின வாரத்துப் பேப்பரும் அதற்கு முந்தினதும் சேர்ந்து. இன்னொரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் வைத்திருந்தார்கள், நாலு மடிப்பு நன்றாகத்தான் தாங்குகிறது. சரோஜாக்கா வீட்டில் கேஸ் சிலிண்டருக்கு அடியில் பாதி தெரிந்தது. அதுவும் பிரிக்காதது. பணத்தை மட்டும் எல்லாரும் சிரித்த முகமாகக் கொடுத்தார்கள். "நீ வர்றதுக்காகத்தான்த்தா வாங்குறோம்" என்றார்கள் சரோஜாக்கா.

அப்போதே சொல்லியிருக்கலாம். சிலிண்டருக்கு அடியில் எங்க அக்கா இருக்கு என்று ஒரு வாய்ச்சொல். முகம் வாடியிருக்கே, என்ன ஆச்சு என்று அவர்கள் கேட்டால் சொல்வது என்று நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். அவர்கள் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

இது எத்தனை வருஷமாக நடக்கிறது என்று அன்று ராத்திரி யோசித்தேன். நான் மழையில் நனையாமல் உறை போட்டுக் கொண்டுபோனதெல்லாம் யாருக்கு. எத்தனை பேருடைய அப்பா அம்மா இந்தக் கராச்சர்மாவில் என் மடிப்புக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். அப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களோ. நானும் சில ஞாயிறு போகாமல் இருந்திருப்பேன், ஆனால் தெரியாமல் இருந்ததில்லை.

ஆசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷனுக்கு அடுத்த வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மனசு வராது. இந்த ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

7

"போடுங்க சார்" என்று ஆசிரியரிடம் சொன்னேன். அதே படம்தான். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று மேலே, பெயரும் ஊரும் கீழே. ஞாயிறு, மாலை, நாற்காலி எதுவும் இந்தத் தடவை இல்லை.

வியாழன் சாயங்காலம் மடிக்கும்போது ஒன்று செய்தேன். பேப்பரை விரித்துத் திருப்பிப் போட்டு, மூன்றாம் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்தேன். அக்கா மேலே வந்தது. பிரிக்க வேண்டாம், படிக்க வேண்டாம், குனிந்து எடுத்தால் போதும். கை பழகாததால் முதலில் நாலைந்து கோணலாக வந்தன. ரம்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து படத்துக்குக் கீழே விரலை வைத்து, "மு… முத்து… லட்சுமி" என்று கூட்டிப் படித்தாள். "பெரியம்மா பேரு முத்துலட்சுமியா? எனக்குத் தெரியாது மம்மி" என்றாள்.

மேட்டுத் தெருவில் ஒரு பக்கமாக ஏறிப் போட்டுக்கொண்டே போய், மறுபக்கமாக இறங்கி வருவேன். ஏறும்போது சரோஜாக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அக்கா முகம் மேலே இருக்கும்படி படியில் வைத்துவிட்டுப் போனேன். இறங்கி வரும்போது கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றார்கள். கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"ஏத்தா பாக்கியம், என்னாத்தா இந்த வாரம் மாத்தி மடிச்சுப் போட்டுருக்க?"

"ஆமாக்கா. மாத்தித்தான் மடிச்சேன்."

"காலங்காத்தால கதவத் தொறந்தா செத்தவுக மூஞ்சியில முழிக்க வேண்டியதா இருக்கு. இன்னிக்கு இவருக்கு ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டு வாங்கணும். மனசு ஒரு மாதிரி ஆகிப்போச்சு. அப்படியே குப்புறப் போட்டுட்டேன்."

"யாருன்னு பாத்தீகளாக்கா?"

"யாரோ மெயின்லேண்டு பொம்பள. மாலை கீலை போட்டுக்கிட்டு." கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்கள். கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "ஆமா, ஒங்கக்கா வத்தல் அனுப்பலையா? போன வருசமும் வரல. அந்தக் காரம் பஜார் வத்தல் எதுலயும் இல்லத்தா."

பையில் மிச்சப் பேப்பரைச் சரிசெய்தேன்.

"வந்தாத் தர்றேங்க்கா" என்றேன்.

"அடுத்த வாரம் பழையபடி மடிச்சுப் போடு, என்ன."

"சரிக்கா."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவு தாண்டி ஒரு மதில் ஓரமாக நிறுத்தினேன். இறங்குகிற பக்கத்தில் மீதி வீடுகளுக்கான கட்டு இன்னும் பையில் இருந்தது. அவர்களும் விடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும், அவர்களுக்கும் ஆஸ்பத்திரி இருக்கும். சீட்டின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பழையபடி மடித்து, முனையை உள்ளே சொருகினேன்.